தீப்பெட்டி ரயில்

இன்று காலை சிவகாசி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர், பட்டாசு ஆர்டர் கொடுக்கச் சென்னையிலிருந்து வந்தவர், பழைய டிவி நிகழ்ச்சி ஒன்றைப் போனில் பஸ்ஸுக்கே கேட்கும்படி ஓடவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிறுவர் நிகழ்ச்சி. அதை நடத்தும் அக்காவின் குரலைக் கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குட்டீஸ், வீட்ல சும்மா கிடக்கிற காலித் தீப்பெட்டியெல்லாம் எடுத்துட்டு வாங்க. இன்னைக்கு ரயில் செய்யலாமா?"

எங்கள் வீட்டில் காலித் தீப்பெட்டி சும்மா கிடந்ததே இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்து நானும் தங்கச்சியும் கூலிக்குப் பெட்டி ஒட்டுவோம். ஒன்றை எடுத்து ரயில் விட்டால் அம்மாவின் பசைக் கை அப்படியே முதுகில் பதியும்.

"பொற்காலங்க அது," என்றார் அவர். "நீங்களும் பாத்திருப்பீங்களே?"

"பாக்காம? கைக்குத்தான வேலை, கண்ணு சும்மாதான இருந்துச்சு. தீப்பெட்டி ஒட்டிக்கிட்டே பாப்போம்."

"அட, நீங்களும் கிராஃப்ட் பண்ணுவீங்களா?"

"ஆமா சார். குரோஸ் கணக்குல பண்ணுவோம், ஒரு குரோஸுக்கு நூத்தி நாப்பத்தி நாலு பெட்டி. கம்பெனிக்காரக வந்து மூடை மூடையா அள்ளிட்டுப் போவாக."

"சூப்பர்! அதான் உங்க ஊர்க்காரங்களுக்குக் கைவேலை இவ்ளோ நல்லா வருது."

என் ஸ்டாப் இன்னும் வரவில்லை. ஆனாலும் இறங்கிவிட்டேன்.

சின்ன வயதில் தீப்பெட்டி ரயில் விட்டவர்கள் இங்கே இருந்தால் கமெண்ட்டுக்கு வாருங்கள். பொற்காலக் கதையெல்லாம் வேண்டாம். பெட்டி பிரிந்து வராமல் இருந்ததா, அதை மட்டும் சொல்லுங்கள்.

ஒட்டியது நாங்கள்.