தென்வானமும் மகளின் இடது கண்ணும்

ஜூன் மாதத்தில் ஹட்டன், வட்டவளைப் பக்கமெல்லாம் மழையில் ஊறிக்கிடக்கும்போது, மலைக்கு இந்தப் பக்கம் உடப்புசல்லாவையில் எங்களுக்குக் காற்று மட்டும்தான். அது மேகத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிற நாட்களில், இரவுச் சாப்பாடு முடிந்து பின்முற்றத்துக்கு வந்தால், தேயிலை மலையின் விளிம்புக்கு மேலே தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும்.

என் கணவர் தோட்டத் தொழிற்சாலையில் தேயிலை பதப்படுத்தலைக் கவனிக்கும் உதவி டீமேக்கர். கொழும்பில் யாரோ விற்ற பழைய தொலைநோக்கியை அவர்தான் வாங்கி வந்தார். ஆனால் இரவில் அவருக்கு வேலை. ஆகவே அது எனக்கும் மகளுக்கும் என்று ஆகிப்போனது. உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்துவிட்டு வீட்டோடு இருப்பவள் நான். பிள்ளைக்கு எதையோ உருப்படியாகக் கற்றுக்கொடுக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு அப்போது மிகவும் தேவைப்பட்டது.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. கம்பளித் தொப்பி, இரண்டு ஜெர்சி, காலுறை எல்லாம் மாட்டித்தான் வெளியே கொண்டு வருவேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கும் கிளார்க்கரின் மனைவி வேலிக்கு அப்பாலிருந்து கேட்பார்.

"ஏங்க, புள்ளைக்கு சளி புடிச்சா அந்த நட்சத்திரமா வந்து தைலம் தேச்சு விடும்?"

"தொப்பி போட்டுத்தாங்க நிக்கிறா."

"மூட்டை கட்டி வச்ச மாதிரில்ல இருக்கு. உள்ள புள்ள இருக்காளான்னு ஒருக்கா பாத்துக்கங்க."

"இருக்கேன் ஆன்ட்டி!" என்று தொப்பிக்குள்ளிருந்து குரல் வரும்.

சளிக்குப் பயந்தேன். அட்டைக்கும், காற்றில் முறியும் கிளைக்கும், மேல்மலையில் திரிவதாகச் சொன்ன சிறுத்தைப்புலிக்கும் பயந்தேன். கண்ணைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

ஒரு கண்ணை மட்டும் மூட அவளுக்குத் தெரியாது. ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, பின்னால் நின்று, என் வலது உள்ளங்கையால் அவளுடைய வலது கண்ணை மூடுவேன். இடது கையால் குழாயைப் பிடித்துக்கொள்வேன். பூமி சுற்றுவதால் பார்க்கிற பொருள் மெல்ல நழுவிக்கொண்டே இருக்கும்.

"தெரியுதா?"

"தெரியுதும்மா."

"எப்படி இருக்கு?"

"புகை மாதிரி."

கரீனா நெபுலாவைப் பார்த்து அப்படிச் சொன்னால் சரிதான். அது வாயுவும் தூசியும் கலந்த விண்முகில். எங்கள் தொலைநோக்கியில் புகையாகத்தான் தெரியும். ஆனால் தென்சிலுவையின் பக்கத்தில் இருக்கும் நகைப்பெட்டி என்ற நட்சத்திரக் கொத்தையும் அவள் புகை என்றாள். அது கல் பதித்த தோடு போலப் பளிச்சென்று பிரிந்து தெரியும், இடையில் ஒன்று சிவப்பாக.

"புகை இல்ல, கொத்து. நடுவுல ஒண்ணு செவப்பா இருக்கு. நல்லா பாரு" என்றேன்.

அடுத்த முறை கேட்டபோது "கொத்து" என்றாள். இடையில் ஒரு சிவப்பு இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னாள். கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன்.

மங்கலான நெபுலாவை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால்தான் தெரியும். வானம் பார்க்கிறவர்கள் எல்லோரும் பழகுகிற வழி இது. அதையும் சொல்லிக்கொடுத்தேன். அவள் உடனே பிடித்துக்கொண்டாள். எதைக் காட்டினாலும் தலையைத் திருப்பி ஓரமாகவே பார்த்தாள், பிரகாசமான கொத்தைக்கூட. பெரியவர்களுக்கே பழக நாளெடுக்கும் என்று படித்திருந்தேன். என் பிள்ளைக்கு இது தானாக வருகிறது என்று கணவரிடம் பெருமையடித்தேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது.

இந்த ஜூனில் தொழிற்சாலையில் மெஷின் பழுதாகி வேலை நின்றதால் ஒரு நாள் கணவர் இரவில் வீட்டில் இருந்தார். அன்று அவர்தான் அவளை ஸ்டூலில் ஏற்றி நகைப்பெட்டியைக் காட்டினார். அவர் இடக்கைக்காரர். இடது கையால் அவளுடைய இடது கண்ணை மூடினார்.

"அம்மா! நெறைய இருக்கும்மா! புள்ளி புள்ளியா இருக்கு!"

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குப் பொறாமைதான் வந்தது.

"நான் காட்டுறப்பவும் அதேதானே இருந்துச்சு?"

"நீங்க காட்டுறப்ப புகையா இருக்கும்."

"அப்ப ஏன் கொத்துன்னு சொன்ன?"

"நீங்கதானே கொத்துன்னு சொல்லச் சொன்னீங்க."

கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு, ஏனென்று தெரியாமலே, கையை மாற்றி மற்றக் கண்ணை மூடச் சொன்னேன்.

"இப்ப?"

"இப்ப புகை."

அவளை இறக்கி, சமையலறை விளக்கின் கீழ் காலண்டருக்கு முன்னால் நிறுத்தினேன். இடது கண்ணால் பெரிய இலக்கங்களைக்கூட வாசிக்க முடியவில்லை. தலையைத் திருப்பித் திருப்பி முயன்றாள், நான் சொல்லிக்கொடுத்தபடியே.

நுவரெலியாவில் கண் டாக்டர் ஒரு சிங்களப் பெண்மணி, தமிழ் பேசுவார். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு வேறு, மூளை நல்ல கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிட்டது என்று விளக்கினார். கண்ணாடி போட வேண்டும். ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் வலது கண்ணை ஒட்டி மூடி, இடது கண்ணை வேலை செய்ய வைக்க வேண்டும்.

"அஞ்சு வயசில வந்தா இன்னும் லேசு" என்றார். "இப்பவும் செய்யலாம். எவ்வளவு வரும்னு சொல்ல ஏலாது."

ஐந்து வயதில்தான் நான் அதே வலது கண்ணை மூடிவிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டேன். அவளும் உள்ளதைத்தான் சொன்னாள். நான் திருத்திவிட்டேன். பிழையான பதிலை அவள் வாயில் போட்டு, அதற்கு முத்தமும் கொடுத்தேன்.

"அந்த தொலைநோக்கி இல்லாட்டி இன்னைக்கும் தெரிஞ்சிருக்காதே" என்கிறார் கணவர். இருக்கலாம். நான் இல்லாமல் தொலைநோக்கி மட்டும் இருந்திருந்தால் முன்னமே தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாத்திரம் கழுவும்போதும் இதையே திருப்பித் திருப்பி யோசிக்கிறேன்.

போன வாரம் மறுபடி கிளினிக். சுவரில் பல பக்கமாகத் திரும்பிய, மூன்று கால் உள்ள E எழுத்துகள். வலது கண்ணை மூடிக்கொண்டு, கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று சொல்ல வேண்டும். மகள் எழுத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள், பிறகுதான் பதில் சொன்னாள். சொன்னது சரி. அடுத்ததும் சரி. டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். என் உதடுகள் அசைந்துகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா பொட்டக் எளியே இன்ன" என்றார் சிங்களத்தில், கொஞ்சம் வெளியே இருக்கும்படி, கோபமில்லாமல்.

நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் குரல் கேட்டது.

"இது?"

"தெரியல."

"சரி. இது?"

"தெரியல." வெட்கமில்லாத, சத்தமான குரல். வீட்டில் அவள் 'தெரியல' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

"இது?"

பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கீழ்ப்பக்கம்" என்றாள்.

அது சரியா பிழையா என்று வெளியில் இருந்த எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறக்கவும் இல்லை.