ஈரச் சாக்கு

பல் மருத்துவர் பல்லைக் குடையும்போது, நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலையும் இரத்தத்தையும் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது அவள் வேலை. அங்கே வரும் பிள்ளைகள் அவளைக் குழாய் அக்கா என்றார்கள். பெரியவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

மனிதர்கள் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது. உதட்டுச் சாயம் கலையாமல் வந்து உட்காருகிறவளின் கடைவாயில் நேற்றைய இறைச்சி நார் சிக்கியிருக்கும். மேடையில் ஒழுக்கம் பேசுகிறவரின் ஈறிலிருந்து சீழ் வடியும். "வாயத் திறக்கச் சொல்லுங்க, ஆள் எப்படின்னு நான் சொல்லிடறேன்" என்பாள். மருத்துவர் முகமூடிக்குள் சிரித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்கு, கணவனின் அண்ணன் தன் மனைவி இறந்தபின் வந்து சேர்ந்தார்.

முன்னறைச் சோபாவை ஒட்டிய சின்ன அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் அந்த அறைக்கு ஒரு வாடை வந்துவிட்டது. காயாத துணி, வியர்வை, கட்டிலுக்கடியில் மறந்துபோன வாழைப்பழத் தோல், எல்லாம் சேர்ந்த ஒரு புளித்த வாடை. சோற்றைச் சத்தம் போட்டு மெல்லுவார். காலையில் பால் பாத்திரத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்டி, "இதைக் கொஞ்சம் பாரும்மா" என்பார். இருக்கிற வேலையில் இதுவேறு! வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகே தட்டில் கை வைப்பார். நான் விஷமா வைத்துவிடுவேன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் அவருக்கு ஈரச் சாக்கு என்று பெயர் வைத்தாள். கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் தினமும் இருவேளை குளிப்பவன், கழுத்தில் பவுடர் அப்பிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவன். "நம்ம ஈரச் சாக்கு என்ன பண்ணுது?" என்று தொலைபேசியில்கூடக் கேட்பான்.

ஒருநாள் மின்சாரம் போய், மருத்துவர் மதியத்தோடு கடையைக் கட்டினார். அவள் வீட்டு மாடிப்படி ஏறும்போதே காஸ் வாடை மூக்கில் அடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். சமையலறையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. தீ அணைந்திருந்தது, குமிழ் திறந்தபடியே இருந்தது. அவர் கையில் லைட்டரோடு அடுப்பை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தார்.

"தொடாதீங்க!"

லைட்டரைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே எறிந்தாள். சிலிண்டரை மூடினாள், ஜன்னல்களைத் திறந்தாள், அவரைச் சட்டையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்து வந்தாள். அந்தச் சட்டையின் பிசுபிசுப்பு கையில் ஒட்டியது.

"மூக்கு என்ன அடைச்சுப் போச்சா? ரெண்டு மாடி கீழ வரைக்கும் அடிக்குது! வீட்டோட கொளுத்தப் பாத்தீங்களா?"

அவர் படியில் உட்கார்ந்தார்.

"எனக்கு வாடை தெரியாதும்மா."

"என்னது?"

"எந்த வாடையும் தெரியாது. சின்ன வயசுல கார் பெயிண்ட் அடிக்கிற பட்டறைல இருந்தேன்ல. மூஞ்சில ஒரு துணிகூட கட்டாம அந்தத் தின்னரை இழுத்து இழுத்து, போயிடுச்சு. அவ இருந்தவரைக்கும் அவ மூக்குதான் எனக்கு. இந்தச் சட்டை வேணாம், அந்தக் கறி கெட்டுப் போச்சுன்னு சொல்லிடுவா."

"இங்க வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா!"

"தம்பிக்குத் தெரியும். உங்கிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சேன். அப்புறம் நீ மூஞ்சைத் திருப்பிக்கறதப் பாத்து, எம்மேல ஏதோ இருக்குன்னு புரிஞ்சுது. என்னன்னுதான் தெரியல. துவைச்சதையே திரும்பத் திரும்பத் துவைச்சேன்."

துவைத்ததை எங்கே காயப்போட்டார்? மூடிய அறைக்குள், கட்டில் கம்பியில். மொட்டைமாடிக் கொடியில் இடமில்லை என்று சொன்னவள் அவள்தான். பால் பாத்திரமும் அவள் நினைவுக்கு வந்தது. பால் கெட்டுவிட்டதா என்று முகர்ந்து சொல்லத்தான் அத்தனை நாளும் நீட்டியிருக்கிறார். மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டதும் அதற்குத்தான்.

சாயங்காலம் கணவன் வந்தான். நடந்ததைச் சொன்னாள்.

"அது தெரிஞ்ச கதைதானே" என்றான் சாவகாசமாகச் செருப்பைக் கழற்றியபடி. "நாங்கல்லாம் அழுகுன முட்டையக் கொண்டுபோய் அவர் மூக்குகிட்ட நீட்டுவோம். மல்லிப்பூ அண்ணான்னு சொல்லுவோம். அவரும் நல்லா இழுத்துட்டு, ஆமாம்பாரு!" அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன சுவாரசியம்? நீ திட்டுறதுதான் தமாஷா இருக்கும்."

எத்தனையோ அழுகிய வாய்களுக்குள் குழாய் விட்டவள், ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை. அன்று குளியலறைக்குப் போய் எடுத்தாள். அவனோடு சேர்ந்து இத்தனை நாள் சிரித்தவள் அவளும்தான்.

மறுநாளிலிருந்து அண்ணனிடம் நேராகச் சொல்ல ஆரம்பித்தாள். "மாமா, இந்தச் சட்டை வேணாம், நாறுது." "சரிம்மா" என்று அவர் அங்கேயே கழற்றுவார். மொட்டைமாடியில் தன் புடவைகளை நெருக்கி அவருக்கும் கொடியில் இடம் விட்டாள். அதற்காக அவர்மேல் பாசம் பொங்கிவிடவில்லை. அவர் மெல்லும் சத்தம் இன்றும் அவளுக்கு ஆகாது. அதையும் சொல்லிவிட்டாள். "அதுக்கு மூக்கைக் குத்தம் சொல்ல முடியாதே" என்று அவர் முதல்முறையாக அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தார்.

கணவனிடம்தான் எதையும் சொல்ல முடியவில்லை. ஒரு காலை, குளித்துவிட்டு வந்து அவள் தோளில் கை போட்டான். அவள் நகர்ந்துகொண்டாள்.

"என்னடி, நான் என்ன நாறுறேனா?" என்று கேட்டான்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.