ராத்திரியில் தூங்கும் விஞ்ஞானி

காவலூரில் பிறந்தவர்களுக்கு விஞ்ஞானி என்றால் யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரை ஒட்டியே பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அதைத் தேடி வருகிறவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தோம். விஞ்ஞானி பகலில் தூங்குவார், பொழுது சாய்ந்ததும் எழுந்து காபி குடிப்பார், மேகம் வந்தால் திட்டுவார். இப்படி இல்லாதவர் வேறு எதுவாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், விஞ்ஞானி இல்லை.

அதனால்தான் என் அத்தையின் மேல் எங்கள் வீட்டுக்குச் சந்தேகம் வந்தது.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அண்டவியல் படித்துவிட்டு ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது, ஏன் இன்னும் விரிந்துகொண்டே போகிறது என்பதெல்லாம் அவளுடைய கவலை. நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் ஆவணி மாதத்தில் லீவு என்று சொல்லி ஊருக்கு வந்தாள். ஆயுத பூஜை முடிந்தது, தீபாவளி முடிந்தது, அவளுடைய லீவு மட்டும் முடியவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துக் குறட்டை விட்டாள். பகலில் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாள் தாளாகக் கணக்கு எழுதி, எழுதியதை எல்லாம் அடித்துக் கசக்கிப் போட்டாள். அம்மா அவற்றைப் பொறுக்கி வெந்நீர் அடுப்பில் போட்டாள். பிரபஞ்சத்தின் தொடக்கத்தை எரித்து நாங்கள் எல்லோரும் சூடாகக் குளித்தோம். என் வகுத்தல் கணக்குகளையும் அத்தைதான் போட்டுக் கொடுத்தாள். அதில் இரண்டு தப்பு. எனக்கு அவளைப் பிடிக்கும் என்பதால் வீட்டில் சொல்லாமல் இருந்தேன்; எப்படியோ மாமாவுக்குத் தெரிந்துவிட்டது.

மாமா, அம்மாவின் தம்பி. ஜோலார்பேட்டை ஸ்டேஷனிலிருந்து விஞ்ஞானிகளை மலைக்கு ஏற்றிவரும் ஜீப்பின் டிரைவர். அந்த வகையில் எங்கள் குடும்பத்தில் ஆகாயத்துக்கு அதிகாரி அவர்தான். ஒரு நாள் சாயங்காலம் அத்தையை வாசலுக்குக் கூப்பிட்டு, தூரத்தில் தெரிந்த வெளிச்சத்தைக் காட்டினார்.

“அது இன்னா நட்சத்திரம்மா?”

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “தெரியலையே மாமா. நல்லா பளிச்சுன்னு கீது.”

“ஆலங்காயம் செல்போன் டவரும்மா அது.”

அத்தை இருமல் வரும்வரை சிரித்தாள். “நான் வானத்தப் பாக்கற ஆளு இல்ல மாமா, கணக்கு போடற ஆளு. தொலைநோக்கில கண்ணு வெச்சதே இல்ல.” ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை என்று ஒரு டிரைவர் சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி மாமா அவளைப் பார்த்தார். மறுநாள் மலைமேல் கருமேகம் திரண்டபோது, “அப்பாடா, புழுக்கம் போவும்” என்று வேறு சொல்லிவிட்டாள். அத்தோடு கதை முடிந்தது.

அன்றே சமையலறையில் கூட்டம் கூடியது. “வேலைய வுட்டு அனுப்பிட்டாங்கக்கா. அதான் வூட்ட சுத்திகினு கீது” என்றார் மாமா. அம்மா வேறு ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். “வேலைக்குப் போறவளுக்கு ஞாயித்துக்கெழம வந்தா தெரியணும். இவளுக்கு எல்லா நாளும் ஒண்ணாவே கீதே.” அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என் தங்கச்சி பொய் சொல்லமாட்டா. உங்க வேலையப் பாருங்க” என்று எழுந்து போனார்.

கோபமாகப் போனவர் மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். தொலைநோக்கி நிலையத்து கேண்டீனுக்குப் பால் ஊற்றுவது அப்பாதான். பாலை ஊற்றிவிட்டு நேராக ஆபீசுக்குப் போய், தங்கச்சிக்கு ஏதாவது வேலை போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டார்களாம். “வானத்தப் பத்திதாங்க படிச்சிருக்குது. ஆனா பாக்கறதில்ல” என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்துக்கு விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. தற்காலிக வேலைதான். வரச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா இதைச் சொன்னார். நேராகச் சொல்லாமல் பால், கேண்டீன், மழை என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சொன்னார். மாமா உடனே, “நட்சத்திரத்து பேரெல்லாம் நான் சொல்லித் தர்றேம்மா, பயப்படாத” என்றார். அத்தை டவரைப் பார்த்துச் சிரித்த மாதிரி இப்போதும் சிரிப்பாள் என்று நான் காத்திருந்தேன். அப்பாவும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு வேலை இல்லை என்று உனக்கு யார் சொன்னது என்று அவள் சண்டைக்கு வந்திருந்தால், அந்த மனிதர் எவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியிருப்பார்.

அத்தை ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, “எப்பலருந்து வரச் சொன்னாங்கண்ணா?” என்றாள்.

ஜெர்மனியில் அவளுடைய ஒப்பந்தம் ஊருக்கு வருவதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. இந்த மாதிரி ஆராய்ச்சி வேலைகள் இரண்டு மூன்று வருடத்துக்குத்தான். அதற்குள் அடுத்த நாட்டில் அடுத்த இடத்தைப் பிடித்துவிட வேண்டும். அவள் எழுதிப்போட்ட இடங்களிலிருந்தெல்லாம் இல்லை, இல்லை என்றே பதில் வந்துகொண்டிருந்தது. புனேயில் பேராசிரியர் ஆன பிறகு இதை ஒரு தமாஷாகவே எனக்குச் சொன்னாள். எங்கள் வீட்டார் சேர்த்த சாட்சிகள் எல்லாமே தப்பு, தீர்ப்பு மட்டும் சரியாகப் போயிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றும்விடுகிறது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை இனி ஊரை விட்டுப் போகமாட்டாள் என்பதுதான். “வர்ற சனிக்கெழமம்மா” என்றார் அப்பா. சொல்லிவிட்டு இலையில் பாதிச் சோற்றை அப்படியே விட்டுக் கை கழுவ எழுந்துவிட்டார். கேட்ட வேலை கிடைத்து, தங்கையும் சரி என்று சொல்லிவிட்ட பிறகு இவருக்கு ஏன் முகம் இப்படிப் போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. நான் எச்சில் கையோடு தெருவுக்கு ஓடி, எங்க அத்தைக்கு வேல கெடச்சிடுச்சி, எங்க அத்தைக்கு வேல கெடச்சிடுச்சி என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன்.