நொதிக்குக் காவல் இருந்தவர்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'அவசரம்' என்று பேர். எதற்குமே அவசரப்பட மாட்டார் என்பதால் வந்த பேர். டாக்டர்கள் அனுப்பும் சதைத் துணுக்குகளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துக் கொடுப்பது வேலை. துணுக்கைக் குழாயில் போட்டு, புரோட்டினேஸ் கே என்ற நொதியைச் சேர்த்து, இதமான சூட்டில் வைத்தால் போதும். அது புரதத்தையெல்லாம் தின்று தீர்த்துவிடும். விடிவதற்குள் சதை இருந்த இடம் தெரியாது. பக்கத்தில் ஆள் இருக்கவே வேண்டாம். மூடிவிட்டு வீட்டுக்குப் போய்க் குறட்டை விடலாம். அவரும் வருஷக்கணக்காக அதைத்தான் செய்துவந்தார்.

அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. சம்பந்தி வீட்டார் நிறைந்திருந்த கூடத்தில், "நம்ம தம்பியா? டியூப் கழுவற உத்தியோகம்" என்று அண்ணன் சொல்லப்போய், எல்லோரும் சிரித்துத் தொலைத்தார்கள். அண்ணனுக்கு நாக்கில் சனி. சரி, தம்பிக்காவது மறக்கத் தெரிந்ததா? அதுவும் இல்லை. பொல்லாத ரோஷம்!

ஒருநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி கூப்பிட்டார்.

"தம்பி, உங்க அண்ணனுக்கு ரொம்ப முடியல. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. இன்னிக்கே வந்துட்டுப் போங்களேன்."

மனசு அப்போதே எழுந்து செருப்பைத் தேடியது. வறட்டுக் கௌரவம் அதைப் பிடித்து உட்கார வைத்தது. ஒரு ராத்திரி காத்திருக்கட்டுமே, என்ன இப்போ என்று நினைத்தார்.

"சாம்பிள் போட்டிருக்கேன் அண்ணி. ராத்திரி பூரா பக்கத்துலயே இருந்து பார்த்துக்கணும். காலைல முதல் வேலையா வந்துடறேன்."

பாவி மனுஷன், அன்றைக்கும் வழக்கம்போல வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தார். நன்றாகத் தூங்கவும் செய்தார்.

காலையில் குளித்துக் கிளம்பும்போது போன் வந்தது. அண்ணன் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் தம்பியைக் கண்டதும் அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"விடியறதுக்கு முன்னாடி மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. தம்பிக்குப் போன் போடட்டுமான்னு கேட்டேன். 'வேண்டாம், கண்ணு முழிச்சு வேலை பார்த்துட்டிருப்பான், கெடுத்துடாதே. இவ்வளவு கஷ்டமான வேலைன்னு தெரியாம அன்னிக்குக் கேலி பண்ணிட்டேன்'னாரு. ராத்திரி பூரா முழிச்சிருக்கீங்களே தம்பி, கொஞ்ச நேரம் உட்காருங்க."

அண்ணி இழுத்துப் போட்ட நாற்காலியில், நன்றாகத் தூங்கி எழுந்த உடம்போடு உட்கார்ந்தார்.