சிவப்பு அட்டையும் சுடாத துப்பாக்கியும்

எங்கள் முதலாளி செய்து விற்றது பொய்த் துப்பாக்கி. பட்டாளத்துக்காரர்கள் குண்டைச் செலவழிக்காமல் சுட்டுப் பழகுவதற்கான எந்திரம் அது. இருட்டறையில் ஒரு வெள்ளைத் திரை இருக்கும். அதில் புரொஜெக்டரிலிருந்து படம் விழும். காடு, சாலை, நடுவில் ஆட்கள். துப்பாக்கிக் குழலுக்குள் ஒரு சின்ன விளக்கு. விசையை அழுத்தினால் ஒரு கணம் மின்னும். திரைக்குப் பின்னால் பதித்திருக்கும் ஒளிக்கண்ணில் அந்த வெளிச்சம் பட்டால், பக்கத்திலிருக்கும் பெட்டியில் எண் ஒன்று ஏறும். பார்க்கிறவனுக்கு அது வித்தை. எனக்கு ஒயர், ரிலே, சால்டரிங் புகை, அவ்வளவுதான்.

இதை ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய ஸ்டோரில் உட்கார்ந்து செய்தோம் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. மலைக் குளிரில் எந்திரம் சூடாகாது, அதனால்தான் இங்கே வந்தேன் என்று முதலாளி எல்லோரிடமும் சொல்வார். பொய். வாடகை மலிவு, கூலி அதைவிட மலிவு. குளிரோடு பனிமூட்டம் வருமே, அதைப் பற்றி அவர் வாயே திறக்க மாட்டார். மத்தியானம் பனி ஸ்டோருக்குள் புகுந்துவிடும். சர்க்கிட் போர்டுகள் வேர்த்துப்போகும். புரொஜெக்டர் கண்ணாடிக்குள் பூசணம் பிடிக்கும். ஈரமான போர்டுக்குக் கரண்ட் கொடுத்தால் யாரும் சுடாமலேயே எண் ஏறும். அதனால் சோதனைக்கு முன்னால் போர்டுகளைத் தட்டில் அடுக்கித் தேயிலை ஃபேக்டரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். தூள் காயவைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து எடுப்போம். நான் செய்த சாமான் எல்லாவற்றிலும் தேத்தூள் வாசனை அடிக்கும்.

நான் அந்தத் தோட்டத்து லைனில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். அதுதான் என் தொல்லையின் ஆரம்பம். என்னைப் பெற்றது வீட்டில், மருத்துவச்சி கையில். பிறப்பைப் பதியச் சொல்லி அப்பா ஆபீசில் சொன்னார். பார்த்துக்கொள்கிறேன் என்று அங்கே கணக்கெழுதும் கிராணி சொன்னார். பார்க்கவில்லை. அப்பா செத்துப்போனார். கிராணி வேலையை விட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். என் கையில் சிவப்பு அடையாள அட்டை மிஞ்சியது. குடிமக்களுக்கு நீலம். எனக்குச் சிவப்பு. இந்த நாட்டைத் தவிர வேறு மண்ணை நான் மிதித்ததில்லை, ஆனால் இந்த நாட்டுக்கு நான் வெளி ஆள்.

சிவப்பு அட்டைக்காரர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். பெர்மிட்டில் முதலாளியின் பெயர் இருக்கும். அவரை விட்டால் பெர்மிட்டும் போய்விடும். பினாங்கில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் கொஞ்ச காலம் இருந்தேன். சால்டரிங்கில் ஆரம்பித்து, பழுது கண்டுபிடிக்கும் மேசை வரைக்கும் போனேன். அங்கே எனக்கு ஹாஸ்டலில் சொந்தக் கட்டில் இருந்தது, கடற்கரை இருந்தது, சனிக்கிழமை இருந்தது. பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாது என்று ஒரு நாள் சொல்லிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தேன். லைனில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எவனையோ காதலித்து ஏமாந்து வந்துவிட்டாள் என்றுகூடப் பேசினார்கள். மறுத்துப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி வந்து ஸ்டோரை வாடகைக்கு எடுத்தார். ஈப்போ தமிழர். முன்னால் எங்கேயோ ரேடியோ மெக்கானிக்காக இருந்தவர். சால்டரிங் தெரிந்த ஆள் உண்டா என்று தோட்டத்து ஆபீசில் கேட்டிருக்கிறார். என்னைக் கை காட்டினார்கள். பெர்மிட்டும் எடுத்துக் கொடுத்தார். அதற்காக நான் காலத்துக்கும் நன்றியோடு இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இரண்டு பெண்களைச் சேர்த்து அவர்களுக்கு நான் வேலை கற்றுக்கொடுத்தேன். சர்க்கிட் படம் வரைவது அவர். அதை வேலை செய்ய வைப்பது நான்.

முதல் பெரிய ஆர்டர் எழுபதுகளின் கடைசியில் வந்தது. கீழே சமவெளியில் இருந்த ஒரு ராணுவ முகாமுக்கு ஒரு முழு செட். நான் அப்போது போய்விடலாம் என்று இருந்தேன். கோலாலம்பூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவர், பெர்மிட் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அது முதலாளி காதுக்கு எட்டிவிட்டது. என் மேசைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இந்த செட்டு முடியட்டும். அந்த முகாம் மேஜர்கிட்ட நானே பேசறேன். பட்டாளத்துக்கு வேல செஞ்ச பொண்ணுன்னு அவரு ஒரு கடிதாசி குடுத்தா போதும்லா. நீலம் வந்துரும்."

"நெசமாவா சார்?"

"நான் ஏன் பொய் சொல்லணும்?"

வேலை ஆகவேண்டிய நாட்களில் மட்டும்தான் நான் அவருக்குத் தங்கச்சி. அது தெரிந்தும் நம்பினேன். நீல அட்டை என்று சொன்னால் அந்த வயதில் நான் எதையும் நம்பியிருப்பேன். அது இருந்தால் எந்த ஊருக்கும் போகலாம், எந்த வேலையையும் விடலாம். கோலாலம்பூர்க்காரருக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

படங்களுக்காக முதலாளி கேமராவோடு மலைச்சரிவுக்குப் போனார். கொழுந்து எடுக்கும் பெண்களை நிற்க வைத்துப் பிடித்தார். அதில் என் அம்மாவும் இருந்தாள், முதுகில் கூடையோடு. சுடவேண்டிய ஆட்கள் வேறு படத்தில் வந்தார்கள், அவர்களுக்குக் கையில் துப்பாக்கி இருக்கும். கொழுந்துப் பெண்கள் சுடக்கூடாதவர்கள். தெரியாமல் சுட்டால் மணி அடித்து எண் குறையும். அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"என்னைய சுட்டா அவனுக்கு என்னா ஆவும்?" என்று கேட்டாள்.

"மார்க் கொறையும்மா."

"பரவாயில்லயே. இங்க கொழுந்து கொறஞ்சா எனக்குல்ல கொறையுது."

அந்த மணி சரியாக அடிக்கிறதா என்று பார்க்க நான் தினமும் என் அம்மாவைக் குறிபார்த்துச் சுட்டேன். வேலை. அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை.

செட் முடிந்தது. காலையில் லாரியில் ஏற்றினோம். மலை இறங்கும் பாதை முழுக்கப் பனி, கூடவே தூறல். தார்ப்பாய் ஒழுகியது. என்னையும் முதலாளி கூட்டிப் போனார். மேஜரை நேரில் பார்க்கலாம் என்றார். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டேன். பினாங்கு ஃபேக்டரி கொடுத்த சான்றிதழையும் பையில் வைத்துக்கொண்டேன்.

முகாம் கேட்டில் எல்லோரிடமும் அட்டை கேட்டார்கள். முதலாளியும் டிரைவரும் நீலத்தைக் காட்டினார்கள். நான் பையைத் திறப்பதற்குள் முதலாளி, நீ எதிரே காப்பிக் கடையில் உட்கார், நான் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று இறக்கிவிட்டார். லாரி உள்ளே போனது. என் கையால் செய்த பெட்டிகள் போயின. என்னைப் போலவே சிவப்பு அட்டைக்காரியான என் அம்மாவும் உள்ளே போய்விட்டாள், ஸ்லைடு டப்பாவுக்குள் படமாக இருந்துகொண்டு. நான் சாலைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

கீழே வெயில் கொளுத்தியது. மலையில் இருந்து பழகிய உடம்பு, தலை சுற்றியது. ரொம்ப நேரம் கழித்து முதலாளி ஓட்டமும் நடையுமாக வந்தார். சட்டை முழுக்க வேர்வை. சுவிட்சைப் போட்டதும் யாரும் சுடாமலேயே எண் ஏறிக்கொண்டு போகிறதாம். சுற்றி நின்ற பட்டாளத்துக்காரர்கள் சிரிக்கிறார்களாம்.

ஈரம்தான், கரண்டை நிறுத்திப் பெட்டிகளின் முதுகைக் கழற்றி வைத்துவிடுங்கள், இந்த வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், வேறு எதையும் தொடாதீர்கள் என்றேன். திரும்பி ஓடப் பார்த்தார். கடிதத்தைப் பற்றிக் கேட்டேன்.

"சாப்பாட்டுல பேசறேன், சாப்பாட்டுல," என்றபடி போய்விட்டார்.

மத்தியானம் கேட்டைத் தூக்கினார்கள். ஒரு ஜீப் வெளியே வந்தது. முன்னால் ஒரு அதிகாரி, மேஜராகத்தான் இருக்க வேண்டும், பின்னால் என் முதலாளி. சாப்பிடப் போகிறார்கள், எண் ஏறுவது நின்றுவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் காப்பிக் கடையிலிருந்து எழுந்து நேராகப் போய் ஜீப்புக்கு முன்னால் நின்றேன். யோசித்துச் செய்யவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பேசாமல் போக முடியாது, அதுதான் மனதில் இருந்தது.

எனக்குத் தெரிந்த மலாயில் வணக்கம் சொன்னேன். நான் இந்தக் கம்பெனியில் வேலை செய்கிறேன், உங்களிடம் ஒரு கடிதம் கேட்க வேண்டும் என்றேன். மேஜர் மரியாதையான மனிதர். என்ன கடிதம், நீ யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து முதலாளி பேசினார். எங்கள் ஸ்டோரைக் கூட்டிப் பெருக்குகிற பெண், ஊர் பார்க்க லாரியில் கூட வந்தது, தம்பிக்கு ஏதோ வேலை கேட்கிறது போல என்றார். எனக்குத் தம்பியே கிடையாது.

மேஜர் என்னைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார்.

முதலாளி முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு பயத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. இல்லை என்று சொன்னால் என்னமோ பெரிதாக உடையும் என்று மட்டும் புரிந்தது. என்ன உடையும் என்று தெரியவில்லை. ஆனால் என் பெர்மிட்டில் இருப்பது அந்த ஆளின் பெயர். அது உடைந்தால் நானும் உடைவேன்.

"பெத்துல், துவான்," என்றேன். ஆமாம், ஐயா.

ஜீப் போய்விட்டது. கேட்டில் நின்ற காவல்காரப் பையன் எனக்கு ஒரு கிளாஸ் சீராப் சர்பத்து வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

சாயங்காலம் லாரி மலையேறியது. அடிவாரத்துத் தாப்பா ஊரைத் தாண்டினோம். பிறகு முதலாளியே ஆரம்பித்தார்.

"டெண்டர் எடுக்கறப்போ, வேல செய்யற எல்லாரும் நீலம்னு கையெழுத்து போட்டுருக்கேன். நீ செவப்புன்னு தெரிஞ்சா எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல. புரியுதா?"

"அப்போ மேஜர்கிட்ட பேசறேன்னு ஏன் சொன்னீங்க?"

"நீ கேஎல் டிவி கடைக்குப் போயிருவன்னு பயந்தேன்லா."

"இப்போ பயம் இல்லயா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவர் கியர் மாற்றினான். கோலாலம்பூர்க்காரர் அதற்குள் வேறு ஆள் பிடித்திருந்தார்.

வீட்டில் அம்மா சோறு போட்டு வைத்திருந்தாள். அதிகாரி கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"கூட்டறவள்னு நீயே சொல்லிட்டியா?"

"ஆமா."

அம்மா ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தாள். "கூட்டறவளுக்கும் பெர்மிட்டு வேணும்லா," என்றாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? புகார் கொடுக்கலாமே என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். கொடுக்கலாம். அவர் டெண்டரை இழப்பார். நான் பெர்மிட்டை இழப்பேன். அவர் ஈப்போவில் ரேடியோ கடை திறப்பார். நான்? பதிவு இலாகாவுக்கு நானே மனு எழுதிப் போட்டேன். முதலாளியிடம் அத்தாட்சிக் கடிதம் கொண்டுவா என்றார்கள். கேட்டேன். அடுத்த மாதம் என்றார். எல்லாம் அடுத்த மாதம்தான். மேலும் ஆர்டர்கள் வந்தன. எந்த லாரியிலும் நான் ஏறவில்லை. கூப்பிட்டபோதெல்லாம், மேஜருக்கு முன்னால் என்னை யார் என்று சொல்வீர்கள் என்று கேட்டேன். கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழை நாள். முதலாளி ஊரில் இல்லை. முகாமிலிருந்து போன் வந்திருக்கிறது என்று தோட்டத்து ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பேசியவர் ஒரு சார்ஜெண்ட். எந்திரம் மறுபடியும் தானாக எண் ஏற்றுகிறதாம், அறையின் கூரை ஒழுகுகிறதாம். கரண்டை நிறுத்து, முதுகைக் கழற்று, காயவிடு என்று மலாயில் சொன்னேன். சொன்னதை எழுதிக்கொண்டார். பிறகு, இதையெல்லாம் இவ்வளவு சுலபமாகச் சொல்கிறீர்களே, நீங்கள் யார் என்று கேட்டார்.

ஆபீசில் சம்பள விஷயமாக நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். புதுக் கிராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

அதைச் செய்தவள் நான்தான் என்றேன்.

சார்ஜெண்ட் சந்தோஷப்பட்டார். அப்படியானால் ஒரு நாள் இறங்கி வந்து நேரில் பார்த்துவிட்டுப் போங்களேன், தூரமா என்ன என்றார். உங்கள் கேட்டில் என்னை விடமாட்டார்கள் என்றேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். செய்தவரையே விடாமல் வேறு யாரை விடுவார்கள் என்று கேட்டார்.

ஒரு மணி நேரம் காயவிடுங்கள் என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஸ்டோரில் பாதி சால்டர் செய்த போர்டு ஒன்று கிடந்தது. மழையோடு நடந்து போய் அதை முடித்தேன்.