மீன்காரர் வாயால் தெரிந்த சாவு

என் மூளையில் ஒரு இரத்தக் குழாய் சின்னதாகப் புடைத்து நிற்கிறது. வேறு எதற்கோ தலையை ஸ்கான் பண்ணப் போய்த் தெரியவந்தது. இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை, ஆண்டுக்காண்டு பார்ப்போம் என்றார் டொக்டர். பிரஷருக்குப் போடும் குளிசையை ஒருநாளும் விடக்கூடாது. இதுவரை வராத மாதிரித் தலையிடி திடீரென்று வந்தால் உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும். அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை எங்கள் சனம் சேர்த்துக்கொண்டது. தண்ணி வாளி தூக்காதே, தேர்வடம் பிடியாதே. சின்ன மாமி ஒருபடி மேலே போய், தும்மினாலும் மெல்லமாய்த் தும்மு பிள்ளை என்றார். நானும் சிரித்தேன், மெல்லமாய்த்தான்.

உடுப்பிட்டியில் இருக்கும் என் அண்ணைக்குச் சுகமில்லை என்று தெரியும். போய்ப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வெயில் தணியட்டும் என்றார் இவர், என் வீட்டுக்காரர். என் ஃபோனையும் பழுதென்று திருத்தக் கொடுத்திருந்தார். மீன் இல்லாமல் சோறு இறங்காத மனுசன், சில நாளாய்ப் பருப்பும் கத்தரிக்காயும் போதும் என்றார். கடலில் காற்றாம், நல்ல மீன் இல்லையாம்.

ஒரு காலை தொண்டைமானாற்று மீன்காரரின் ஹோர்ன் கேட்டது. இவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். சட்டியோடு வாசல் படலைக்குப் போனேன். பெட்டி நிறைய விளைமீன். மீன்காரர் நிறுக்காமல் என்னையே பார்த்தார்.

"அக்கா, அண்ணையின்ரை எட்டு இன்னும் முடியேல்லையெல்லோ. மச்சம் வாங்கிறியளோ?"

செத்தவீட்டுக்காரர் எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. இவர் அதைக் கடைப்பிடித்திருக்கிறார், எனக்குச் சொல்லாமலே.

ஈரத்தலையோடு ஓடிவந்தார். "இஞ்சரும், நீர் அழுதால் தலைக்குள்ளை வெடிச்சிடும் எண்டு எல்லாரும் பயந்திட்டம்."

எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. முகம் பார்ப்பதென்றால் வீட்டில் கிடத்தியிருக்கும்போதுதான்.

"எரிச்சாச்சோ?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓம்."

படலையடியிலேயே இருந்து அழுதேன். இவர் பிரஷர் மெஷினைக் கொண்டுவந்து என் கையில் பட்டியைச் சுற்றினார். சுற்றட்டும் என்று விட்டேன்.

அடுத்த கிளினிக்கில், நான் அழக்கூடாதோ என்று டொக்டரிடம் கேட்டேன். "ஆர் சொன்னது? அழலாம் அம்மா. குளிசையை மட்டும் விடாதேங்கோ" என்றார். பக்கத்துக் கதிரையில் இருந்த இவரின் குனிந்த தலை நிமிரவில்லை.

காலையில் இவர் நீட்டும் குளிசையை வாங்கிப் போடுகிறேன். அண்ணையின் முகமென்று எனக்கு மிஞ்சியிருப்பது தைப்பொங்கலன்று கண்டது. அன்று அவர் சவரம்கூடச் செய்திருக்கவில்லை.