மாதாவின் முதுகு

தாராவியில் பாய் நடத்திய மரப்பட்டறையில் எனக்குக் கட்டில் கால் கடையும் வேலை. ஊரில் தேர்ச்சிற்பம் செதுக்கிய கை இது என்று நான் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது.

அறுபதுகளின் நடுவில், செம்பூர் பக்கத்து மாதா கோயில் பாதிரியார் இரண்டு புகைப்படங்களோடு வந்து, திருவிழாச் சப்பரத்துக்கு ஒரு மாதா சிலை கேட்டார். பிரான்சுக்காரர். இரண்டிலும் எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய மர மாதா, ரோமனெஸ்க் என்ற பழைய ஐரோப்பியப் பாணியாம். பிரான்ஸ் மலைப்பக்கத்து மாதாவின் அங்கியில் சீப்பால் வாரியதுபோல் நெருக்கமான மடிப்புகள். ஸ்பெயின் மாதாவுக்கு மடிப்பு குறைவு, வர்ணம் தூக்கல். மடிப்பை இதிலிருந்தும் வர்ணத்தை அதிலிருந்தும் எடுக்கட்டுமா என்று கேட்டேன். “ஒரே ஊர் போதும், கலக்காதே,” என்றார் பம்பாய் இந்தியில்.

அவர் போனதும் பாய் சொன்னார்: “இது பாஸாச்சுன்னா இனிமே உனக்குச் சிலை வேலைதாம்லே. இல்லன்னா வாய மூடிக்கிட்டு கட்டில் காலு கடையணும்.”

பிரான்ஸ் மாதாவையே செதுக்கினேன். மடியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்துப் பாய் திகைத்துப்போனார்.

“என்னலே, பிள்ளைக்கு மாமனார் மூஞ்சி?”

“படத்துல அப்படித்தான் இருக்கு பாய்.”

சிக்கல் முதுகில் வந்தது. படங்களில் முன்பக்கம் மட்டுமே. கேட்கலாமென்றால் பாதிரியார் பூனா போயிருந்தார். சப்பரத்தில் ஊர்வலம் போகிற சிலைக்குப் பின்னாலும் ஜனம் நடக்குமே. முதுகை மொட்டையாக விட எனக்கு மனசு வரவில்லை. முக்காட்டை உச்சியோடு நிறுத்தி, கீழே கொண்டை போட்டு, மல்லிகைச் சரமும் சுற்றிச் செதுக்கினேன். என் வேலை எனக்கே ரொம்பப் பிடித்துவிட்டது.

திருவிழாவன்றுதான் பாதிரியார் திரும்பினார். முன்பக்கம் பார்த்துச் சிரித்தவர், பின்பக்கம் போனதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “இன்று போகட்டும். நாளை இதை இழைத்து எடுத்துவிடு.”

பாய் என் முகத்தையே பார்க்கவில்லை.

ஊர்வலத்தில் பாதிரியார் முன்னால் நடந்தார். நான் கடைசியில், பெண்களுக்கும் பின்னால். சப்பரத்தை இறக்கி வைத்த இடத்தில் ஒருத்தி, “மாதாவும் நம்மள மாதிரிதாம்ட்டீ கொண்ட முடிஞ்சிருக்கா,” என்று சொல்லி, கையிலிருந்த மல்லிகையை மரப்பூவின் மேல் சுற்றினாள். அடுத்தவளும் சுற்றினாள். சப்பரம் கிளம்பத் தாமதமாகவே பாதிரியார் பின்னால் வந்து பார்த்தார். கொண்டை பூவில் மறைந்திருந்தது. என்னைத் தேடிப்பிடித்து, “இழைக்க வேண்டாம்,” என்றார். வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் பட்டறையில் என் இடத்தில் கட்டில் கால் ஒன்றுகூட இல்லை. முழுத் தேக்குக்கட்டை ஒன்று கிடந்தது. பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“முதுகு உன் இஷ்டம்லே.”